ஆர்க்கா, பி.எல்.சி.யா? ஒரு அமெரிக்க விவசாயியின் மானியக் கணக்கு

அயோவாவில் மக்காச்சோளம் போடும் விவசாயி, தன் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பண்ணைச் சேவை அலுவலகத்துக்குப் போய் ஒரு முடிவைச் சொல்லிவிட்டு வரவேண்டும்: ஆர்க் திட்டமா, பி.எல்.சி.யா? ஆர்க் (ARC) வருமானம் குறைந்தால் ஈடு தரும் மானியம், பி.எல்.சி. (PLC) விலை குறைந்தால் ஈடு தரும் மானியம். இரண்டும் 2014 வேளாண் சட்டத்தில் வந்தவை. அதற்கு முன்பு, விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் நேரடியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பி.எல்.சி. எளிது. மக்காச்சோளம் புஷலுக்கு (25 கிலோ சொச்சம்) 3.70 டாலர் என்று சட்டமே ஒரு விலையை வைத்தது. நாட்டின் சராசரி விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும். 2016 விளைச்சலுக்குச் சராசரி 3.36, குறைவு 34 சென்ட். பண்ணையின் பழைய பதிவேட்டில் 100 ஏக்கரும், ஏக்கருக்கு 140 புஷலும் இருந்தால், அதில் 85 சதவீதம், அதாவது 85 ஏக்கருக்குத்தான் கணக்கு: 4,046 டாலர். பிடித்தம் போகக் கைக்கு வருவது இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆர்க் பார்ப்பது வருமானத்தை, அதுவும் கவுண்டியின் வருமானத்தை. ஐந்தாண்டு விலை, விளைச்சல் இரண்டிலும் உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளிவிட்டுச் சராசரி எடுப்பார்கள். 2025 சட்டத்துக்கு முன்பு, அந்த ஆண்டு வருமானம் இதில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் வந்தது. வரும் பணத்துக்கு உச்சவரம்பு, அந்தச் சராசரி வருமானத்தில் 10 சதவீதமாக இருந்தது.

2014-இல் மக்காச்சோளத்துக்கு இந்தச் சராசரி விலை 5.29. சந்தையிலோ 3.70. பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகள் இரண்டு, இரண்டுக்கும் வழக்கமான விளைச்சல் ஏக்கருக்கு 170 புஷல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் அதே 170 விளைந்தது: 100 ஏக்கர்காரருக்கு ஏறத்தாழ 7,640 டாலர். மற்றதில் நல்ல மழை, 210 புஷல்: ஒரு சென்ட்டும் இல்லை. அந்தக் கவுண்டியில் ஒருவர் வயல் மட்டும் ஆலங்கட்டி மழையில் படுத்துப்போயிருந்தாலும் அவருக்கும் இல்லை. நம் ஊர்ப் பயிர்க் காப்பீட்டில் கிராமம், பிர்க்கா கணக்கில் நஷ்டம் பார்க்கும்போது வரும் அதே வயிற்றெரிச்சல்தான். தனிப் பண்ணைக்கென ஒரு ஆர்க் உண்டு. அதில் 65 சதவீத ஏக்கருக்குத்தான் பணம்.

அந்த 5.29-ஐப் பார்த்துத்தான் மக்காச்சோள நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஆர்க்குக்குப் போனது. 2018 வரை மாற்றவும் முடியாது. ஆனால் மலிவான ஆண்டுகள் சேரச் சேர, சராசரியே சரிந்து 2017-இல் 3.95-க்கு வந்துவிட்டது. விலை பல ஆண்டு படுத்தே கிடந்தால் ஆர்க்கும் கூடவே படுத்துவிடும். இதுதான் அதன் பெரிய ஓட்டை. 2019-இல் மறுபடி தேர்வு வந்தபோது மக்காச்சோளக்காரர்களில் பெரும்பாலோர் பி.எல்.சி.க்கு மாறினார்கள்.

சோயாவுக்கு நான் ஆர்க்கைத்தான் சொல்லியிருப்பேன். அதன் சட்ட விலை அப்போது 8.40, 2014 முதல் 2018 வரை சந்தை விலை ஒரு தடவைகூட அதற்குக் கீழே போகவில்லை. நெல்லும் நிலக்கடலையும் போடுபவர்கள் யோசிக்கவே இல்லை, கிட்டத்தட்ட அத்தனை பேரும் பி.எல்.சி.

2025 சட்டம் கணக்கை மாற்றிவிட்டது. சட்ட விலை மக்காச்சோளத்துக்கு 4.10, சோயாவுக்கு 10 டாலர். ஆர்க்கின் 86 சதவீத எல்லை 90 ஆனது. 2025 பயிருக்கு எது அதிகமோ அதுவே தானாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு, விலைச் சரிவுக்குப் பயப்படுபவர் சோயாவுக்கும் பி.எல்.சி.யைக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. எதை எடுத்தாலும் பணம் நிலத்தின் பழைய பதிவுக்குத்தான், இன்று போட்ட பயிருக்கு அல்ல. ரொக்கக் குத்தகைக்கு உழுபவர் பெயரில் பணம் வந்தாலும், அது வருமென்று தெரிந்து நில உரிமையாளர் குத்தகையை ஏற்றிக் கேட்கலாம். அந்தப் பணமும் அறுவடை முடிந்து அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் வரும். குத்தகையை அதற்கு முன்பே கட்டியிருக்கவேண்டும்.