இரும்பா, கண்ணாடியா: ஜப்பானியக் காற்றுமணியில் எதை வாங்குவது?

கோடை வந்தால் ஜப்பானிய வீட்டுத் தாழ்வாரங்களில் ஃபூரின் என்ற காற்றுமணி ஏறிவிடும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு நாக்கு, நாக்குக்குக் கீழே காற்றைப் பிடிக்க ஒரு தாள் பட்டை, மூன்றையும் கோக்கும் ஒரு நூல். அவ்வளவுதான் பொருள். கைவினையாக வாங்கப் போனால் கடைசியில் இரண்டுக்கு நடுவேதான் நிற்க வேண்டியிருக்கும்: வடக்கே இவாத்தே மாகாணத்து 'நம்பு' இரும்பு மணி, டோக்கியோவின் 'எடோ' கண்ணாடி மணி (எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்). விலையில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. நான் தேர்ந்தது கண்ணாடி. இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஓசையில் இரும்புதான் முன்னணி, அதை மறுக்க முடியாது. ஒரு தட்டுக்கு நீளமாக, மெல்லத் தேய்ந்து போகிற ரீங்காரம். இவாத்தேயின் மிசுசாவா ரயில் நிலையத்தில் வரிசையாகத் தொங்கும் நம்பு மணிகளின் ஓசை, பாதுகாக்க வேண்டிய 100 ஒலிகள் என்று ஜப்பானியச் சுற்றுச்சூழல் துறை 1996-ல் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. கண்ணாடி மணி அப்படி ரீங்கரிக்காது. காய்ந்த, குட்டையான 'சிலிங்', அடித்ததும் அடங்கிவிடும். அடுக்குமாடியில் இதுவே ஒரு வசதி. இரவெல்லாம் ரீங்கரிக்கும் இரும்பு மணி பக்கத்து வீட்டோடு சண்டை இழுத்துவிடும்.

ஆனால் வாங்கும்போது பெரும்பாலோர் யோசிப்பது ஓசையை அல்ல, ஆயுளை. இரும்பு என்றால் காலத்துக்கும் நிற்கும், கண்ணாடி என்றால் இன்றோ நாளையோ உடையும். இந்தக் கணக்கு பாதிதான் சரி. நம்பு என்பது இவாத்தேயின் மொரியோகாவை ஆண்ட குலத்தின் பெயர். பெயரில் 'நம்பு' இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம்.

இரும்பு மணியின் மேல் கறுப்பாக, சில நேரம் பச்சையாகத் தெரிவது பூச்சு. அது இருக்கும்வரை ஈரம் உள்ளே போகாது. சிக்கல் எங்கே என்றால், நாக்கு போய் முட்டுவது உள்பக்க விளிம்பில். ஒவ்வொரு தட்டிலும் அந்த இடத்துப் பூச்சு துளித்துளியாக உதிரும். ஆக, மணி எங்கே ஒலிக்கிறதோ அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். நாக்கும் இரும்பானால் அதன் ஓரத்திலும் அதே கதை. துரு என்பது மெத்தென்ற படலம். அதன்மேல் தட்டினால் 'ரிங்' போய் 'டக்' வரும். அடுத்தது உச்சித் துளை. நூலில் ஊறி நிற்கும் மழைநீர் அங்கே தேங்கி, செம்பழுப்புக் கோடாக வழிந்து தாள் பட்டையையும் கீழே இருக்கும் தரையையும் கறைப்படுத்தும்.

துரு வந்துவிட்டால் வழி உண்டு, ஆனால் வேலை அதிகம். நூலை அவிழ்த்து எடுங்கள். 400 எண் உப்புத்தாளால் விளிம்பின் உள்பக்கத்தை மட்டும், தண்ணீர் தொடாமல் தேயுங்கள். துணியால் துடைத்து, முடி உலர்த்தியால் உலோகம் கையில் சூடு தெரியும் அளவுக்குக் காட்டுங்கள். சூடு இருக்கும்போதே இரண்டு சொட்டு காமெலியா எண்ணெய் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மிஞ்சினால் தூசி அப்பும். இத்தனை சிரமம் எதற்கு என்று பெயின்ட் டப்பாவைத் திறப்பவர்கள் உண்டு. தடிமனான பூச்சு உள்ளே போனால் ஓசை அன்றோடு செத்தது. கடல் காற்றுப் படும் வீட்டில், சென்னையோ யாழ்ப்பாணமோ, இந்த வேலையை ஒரே பருவத்தில் பல முறை செய்ய வேண்டி வரலாம்.

கண்ணாடி மணியில் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. கண்ணாடி துருப்பிடிக்காது என்பது மட்டுமல்ல, காரணம் அதைச் செய்யும் விதத்திலும் இருக்கிறது. அச்சு கிடையாது. நீண்ட கண்ணாடிக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து, முதலில் பத்து யென் நாணயம் அளவுக்கு ஒரு சின்ன உருண்டை ஊதுவார்கள். அதன்மேல் இன்னொரு சுற்றுக் கண்ணாடி எடுத்து, மணியின் உடலுக்கான இரண்டாவது உருண்டை. நூல் போகக் கம்பியால் உச்சியில் ஒரு குத்து, உடனே ஒரே மூச்சில் ஊதிப் பெரிதாக்கல். ஆறியதும் அந்தச் சின்ன உருண்டையை வெட்டி எறிந்தால் வாய் திறந்துவிடும். வெட்டிய விளிம்பை மழுக்குவதில்லை, சொரசொரப்பாகவே விடுகிறார்கள். நாக்கு என்பது ஒரு சிறு கண்ணாடிக் குழல். அது அந்தச் சொரசொரப்பில் உரசினாலே ஓசை வரும். பலத்த காற்று தேவையில்லை. தங்கமீனோ வாணவேடிக்கையோ, ஓவியம் முழுவதும் உள்பக்கம். எழுத்து இருந்தால் அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பித்தான் எழுத வேண்டும். மழையும் வெயிலும் வெளியே, வண்ணம் உள்ளே.

கடையில் அசலைப் பார்ப்பதற்கும் இதுவே வழி. விளிம்பில் விரலை மெதுவாக வையுங்கள், இழுக்காமல். வழவழவென்று இருந்தாலோ, உடலில் அச்சு இணைந்த கோடு தெரிந்தாலோ, வண்ணம் வெளியே இருந்தாலோ அது எடோ ஃபூரின் அல்ல. ஒரே அளவில் நான்கைத் தட்டிப் பாருங்கள், நான்கும் நான்கு விதமாக ஒலிக்கும். பிடித்த ஓசையை எடுங்கள், ஓவியம் இரண்டாம்பட்சம்.

கண்ணாடிக்கும் சேதம் வரும், ஆனால் அது நாம் தடுக்கக்கூடிய சேதம். பெரும்பாலும் உடைவது கீழே விழுந்தல்ல, சுவரிலோ ஜன்னல் சட்டத்திலோ மோதி. நான்கு பக்கமும் ஒரு முழம் இடம் விட்டால் போதும். நூல் இற்றுப்போகும், ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். கழுவும்போது உள்ளே கை விடக் கூடாது, ஓவியம் உரிந்துவிடும். வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் எந்த மணியானாலும் இறக்கி உள்ளே வையுங்கள்.

'மணி அடிக்கவே இல்லை' என்ற புகாருக்கு மணி காரணமாக இருப்பது அபூர்வம். நூல் நெகிழ்ந்து நாக்கு இறங்கியிருக்கும். கண்ணாடியில் குழலின் பாதி விளிம்புக்கு மேலும் பாதி கீழுமாக நிற்க வேண்டும். முழுதும் மேலே ஏறினால் ஓவியத்தைச் சுரண்டும். இரும்பில் நாக்கின் வட்டம் விளிம்புக்கு நேராக நிற்க வேண்டும். முடிச்சைச் சரிசெய்தும் அடிக்கவில்லையா, தாள் பட்டையை அகலமாக்குங்கள். ஓயாமல் அடிக்கிறதா, கீழிருந்து விரற்கடை விரற்கடையாக வெட்டிக் குறையுங்கள்.

வேறு இரண்டையும் கடையில் காட்டுவார்கள். தக்கஓக்கா நகரத்துப் பித்தளை மணி ஓசையில் இரும்புக்கு நெருங்கி வரும், செந்துரு கிடையாது, நாளாக நாளாகக் கறுக்கும், அவ்வளவே. இரும்பின் ரீங்காரம்தான் வேண்டும், துரு வேண்டாம் என்பவருக்கு இது பொருந்தும் என்றே தோன்றுகிறது. கடலோரத்தில் பல ஆண்டு தொங்கவிட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஹிமேஜியில் கவசம் செய்த ம்யோச்சின் குடும்பத்தின் மணி வேறு சாதி: கணப்பில் கரி எடுக்க அடித்துச் செய்த நான்கு இரும்புக் குச்சிகள் ஒன்றோடொன்று மோதும். ஓசை அபாரம். ஆனால் விலை கூட, துருவும் உண்டு. அதை வீட்டுக்குள் தொங்கவிடுவதே சரி.

கண்ணாடி மணியை ஊருக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் நாக்கைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். உள்ளே விட்டால் பயணத்தில் அதுவே விளிம்பைச் சில்லெடுக்கும். மணிக்குள் மெல்லிய தாளைத் திணிக்காமல் தளர்வாக நிரப்பி, வாய் மேலே பார்க்கும்படி பெட்டியில் வைத்து, கைப்பையிலேயே எடுத்து வாருங்கள்.