டோங்காட்டில் என் பழைய டாஸின் எஞ்சினைச் சுத்தம் செய்த கடை

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் எங்கள் டோங்காட்டில் துணி காயப் போடுவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். வெட்டுவதற்கு முன் வயலில் சோகையைக் கொளுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் கீற்றுக் கீற்றாகக் கரி இறங்கும். கொடியில் கிடக்கும் புடவை, வாசல்படி, மாமரத்து இலை என்று எதையும் விடாது. கார் மேல் விழுந்த கரியைத் தட்டிவிடலாம். பானெட் இடுக்கு வழியாக உள்ளே போனதுதான் தொல்லை. அங்கே ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கரி அதில் அப்பிக்கொண்டு, அடிபிடித்த சட்டி மாதிரி ஆகிவிடும். கடலும் பக்கத்தில்தான். உப்புக் காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் ஒவ்வொரு போல்ட்டும் துருப்பிடிக்கும்.

என் கார் 2005-ம் வருஷத்து டொயோட்டா டாஸ். டர்பனின் ப்ராஸ்பெக்டன் ஆலையில் செய்தது. அப்பா அந்த ஆலையில் பெயிண்ட் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெறும்போது வாங்கியது இதுதான், 2019-ல் அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் கோயில் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போக வர, வாரத்தில் இரண்டு நாள் வெருலம் வரை என்று ஓடிக்கொண்டேயிருக்கும். அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் பாரஃபினில், அதாவது மண்ணெண்ணெயில், நனைத்த பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் எஞ்சினைத் தேய்ப்பார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இன்றைக்கு அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். பாரஃபின் ரப்பர் குழாய்களை ஊதிப்போக வைக்கும், சூடான இரும்பின் மேல் பட்டால் தீப்பிடிக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கார் வாஷில், பெயர் வேண்டாம், "எஞ்சினையும் கழுவித் தருகிறோம்" என்றார்கள். சரி என்றுவிட்டேன். சக்கரத்துச் சேற்றுக்கு அடிக்கும் அதே பிரஷர் குழாயை பானெட்டுக்குள் நேராகத் திருப்பினார்கள். மூடவும் இல்லை, பேட்டரி ஒயரைக் கழற்றவும் இல்லை. வெளியே வரும்போது எஞ்சின் கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் என்2 நெடுஞ்சாலையின் டோல் வரிசை வரும் முன்பே வண்டி இருமத் தொடங்கி, நின்றுவிட்டது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க நான் தள்ளிக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் தண்ணீர் போயிருந்தது. மெக்கானிக் கழற்றித் துணியால் துடைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் அடுத்த மாதமே, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பேரிங் கீச்சிட ஆரம்பித்தது. 1,800 ரேண்ட் போயிற்று.

அதற்குப் பிறகு பானெட்டைத் திறப்பதையே விட்டுவிட்டேன். இந்த வருஷம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எண்ணெய் கருகும் வாசனை வரத் தொடங்கியது. எங்கள் மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எங்கே பார்த்தாலும் எண்ணெய், எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டி வரலாம்" என்றார். அந்தச் செலவைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. கோயிலில் ஒரு அக்காதான் இந்தக் கடையைச் சொன்னார்.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி, அவனோடு ஒரு ஜூலு இளைஞர், அவ்வளவுதான். எஞ்சினுக்கு மட்டும் 550 ரேண்ட். காசு விஷயம் பேசும் முன் அந்தத் தம்பி என்னிடம் மூன்று கேள்வி கேட்டான். டாஷ்போர்டில் ஏதாவது விளக்கு எரிகிறதா? காலையில் தரையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா? ஒயர் எங்கேயாவது வெட்டி ஒட்டியிருக்கிறதா? டோல் கதையையும் சொன்னேன். சிரிக்கவில்லை. "ஆன்ட்டி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றான். பார்த்தேன், மூன்று மணி நேரம்.

முதல் முக்கால் மணி நேரம் தண்ணீரே கிடையாது. எஞ்சின் ஆற வேண்டும் என்று பானெட்டைத் திறந்து வைத்தான். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், பிசுக்கு எடுக்கும் மருந்தும் ஊறும் முன்பே காய்ந்து கறையாகிவிடும். அது ஆறிக்கொண்டிருக்க, வைப்பர் அடியில் இருந்த பள்ளத்தில் கை விட்டு மாவிலைச் சருகை அள்ளினான். ஒரு ஷாப்பிங் பை நிறைய வந்தது. அந்தப் பள்ளத்தின் வடிகால் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் காருக்குள்ளே இறங்குமாம். போன மழையில் என் கால்மிதி நனைந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு மெல்லிய காற்றால் காய்ந்த கரியை ஊதி எடுத்தார்கள்.

அதற்கப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினான். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி, ஏர் ஃபில்டர் வாய் என்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு மட்டும் இரண்டு சுற்று. என் முகத்தைப் பார்த்துத்தான் இரண்டாவது சுற்று போட்டான் என்று நினைக்கிறேன்.

பிசுக்கு எடுக்கும் மருந்து, அதாவது டிகிரீசர், தண்ணீரில் கரையும் வகை. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பிசுக்கு கெட்டியாக இருந்த இடத்துக்கு மட்டும் அதிகக் காட்டம். கீழிருந்து மேலாக அடித்தான். மேலிருந்து அடித்தால் வழிந்த கோடெல்லாம் அப்படியே கறையாக நிற்கும் என்றான். காரம் மிகுந்த மலிவான மருந்து அலுமினியத்தை வெளிறச் செய்துவிடும், அதனால்தான் இதை வாங்குகிறேன் என்று டப்பாவையும் காட்டினான். நான்கு நிமிஷம் ஊறவிட்டு, பெயிண்ட் பிரஷ், பல் துலக்கும் பிரஷ், பாட்டில் கழுவும் பிரஷ் என்று அந்த ஜூலு இளைஞர் உட்கார்ந்து தேய்த்த பொறுமையைச் சொல்ல வேண்டும். ஒரு போல்ட் தலையைச் சுற்றி அவர் பிரஷ் போட்டதைப் பார்த்தபோது எங்கள் ஆயா பித்தளை விளக்குத் தேய்த்தது நினைவுக்கு வந்தது. அலசுவதற்கும் பிரஷர் குழாய் இல்லை. கையால் அழுத்தும் ஸ்ப்ரேயரில் தூறல் போல அடித்து, உடனே துணியால் ஒற்றி எடுத்தார்கள்.

மொத்தம் ஒரு வாளித் தண்ணீர்கூட ஆகவில்லை. இது எனக்குப் பெரிய விஷயம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டுப்போய், மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வராமல் டாங்கர் லாரிக்கு வாளியோடு நின்றவர்கள் நாங்கள். அதே வெள்ளத்தில் அப்பா வேலை பார்த்த ப்ராஸ்பெக்டன் ஆலையும் மூழ்கியது. தண்ணீரைத் தெருவில் திறந்துவிட்டுக் கார் கழுவுவதைப் பார்த்தால் இன்னும் எனக்கு மனம் பதறும். இங்கே காருக்கு அடியில் தட்டு வைத்து, கறுப்புத் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் ஊற்றினார்கள். தெருச் சாக்கடையில் விட்டால் அது ஆற்றுக்குப் போய், கடலுக்குப் போகும்.

பேட்டரி முனையில் பூத்திருந்த நீலப் பொடிக்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினான். நுரைத்து அடங்கியதும் துடைத்து, ஒயரை மாட்டி, மேலே வாசலின் தடவினான். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைப் பின்பக்கத்திலிருந்து தூறலாலேயே அலசினான். அழுத்தி அடித்தால் அவை மடங்கிவிடும்.

எல்லாம் முடிந்து மூட்டைகளை அவிழ்த்து, காற்றால் காயவைத்து, வண்டியைக் கிளப்பி கால் மணி நேரம் ஓடவிட்டார்கள். ஒரு இருமல்கூட இல்லை. நான் மூச்சு விட்டது அப்போதுதான்.

பளபளப்பு போட மாட்டாயா தம்பி என்று கேட்டேன். சிலிக்கான் எண்ணெய் அடித்தால் ஒரு வாரம் அழகாக இருக்கும், அப்புறம் வரும் கரும்புக் கரியெல்லாம் அதில்தான் ஒட்டும், பெல்ட்டில் பட்டால் வழுக்கும் என்றான். பிளாஸ்டிக் பாகங்களுக்கு மட்டும் தண்ணீர்ப் பதத்தில் ஒரு மருந்தைத் துணியில் தொட்டுத் துடைத்தான். ஆகையால் முடிந்தபின் என் எஞ்சின் மின்னவில்லை. சாம்பல் நிற அலுமினியம் சாம்பலாக, கறுப்பு ரப்பர் கறுப்பாக, இருக்க வேண்டிய நிறத்தில் இருந்தது. கடைகளில் 'முன்', 'பின்' என்று மாட்டியிருக்கும் படங்களை நம்பிப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுதான் வேலை தெரிந்தவன் கை.

தேய்த்துக்கொண்டிருந்த இளைஞர் திடீரென்று "மா, வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார். டைமிங் பெல்ட் உறையின் மேல், பிசுக்குக்கு அடியிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் எழுத்து வந்திருந்தது. 17-2-2015, 167 400. அப்பாவின் 7. நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். பெல்ட் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, அந்த இடத்தில் மருந்து படாமல் ஈரத் துணியால் மட்டும் துடைக்கச் சொன்னான். பிறகு, "பத்து வருஷம் ஆகிவிட்டது ஆன்ட்டி. கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயசு ஆகிவிடும், மாற்றிவிடுங்கள்" என்றான்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னான். பதினைந்தாம் நாள் பானெட்டைத் திறந்தேன். சுத்தமான உலோகத்தின் மேல், வால்வு மூடியின் பின்மூலையிலிருந்து ஒரே ஒரு ஈரக் கோடு இறங்கி எக்ஸாஸ்ட் பக்கம் போயிருந்தது. கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிந்தது. மெக்கானிக்கிடம் காட்டினேன். கேஸ்கெட் 180 ரேண்ட், வேலை ஒரு மணி நேரம். எஞ்சினை இறக்கும் பேச்சே எழவில்லை. பெல்ட்டையும் அன்றே மாற்றச் சொன்னேன். உறையை மட்டும் தூக்கிப் போட வேண்டாம், அதையே திரும்ப மாட்டுங்கள் என்றேன்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரம் என்று சொல்லி மூன்றானது. அட்டை வாங்க மாட்டார்கள், கையில் ரொக்கம் வேண்டும். பெண்கள் போனால் கழிப்பறைக்கு வீட்டுக்குள் கேட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தம்பியின் அம்மா அன்பாக டீயும் கொடுத்தார், ஆனாலும் கூச்சமாகத்தான் இருந்தது. பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு விரிப்பை அவர்கள் தொடவே இல்லை. நனைந்தால் தொங்கிவிடும் என்பது காரணம், ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் ஒரு கிளிப் உடைந்துபோனது. இருபது வருஷத்துப் பிளாஸ்டிக், யார் கை பட்டாலும் உடைந்திருக்கும். நான் கவனிக்கவில்லை, அவனே வந்து காட்டி, மறுவாரம் வேறொரு கிளிப் தேடி வந்து மாட்டிவிட்டுப் போனான், காசு வாங்கவில்லை.

சூடாக வண்டியைக் கொண்டுபோய் அவசரப்படுத்துகிறவர்கள் இங்கே போக வேண்டாம். காலை எட்டு மணிக்குள் போங்கள், சனிக்கிழமை வேண்டாம். ஒயரில் எங்கே ஒட்டுப் போட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெட்டு முடிந்ததும் டிசம்பரில் ஒரு தடவை, தைப்பூசக் காவடிக்கு முன்னால், திரும்ப வருகிறேன் என்றேன். முழுச் சுத்தம் தேவைப்படாது, கரியை ஊதி, துடைத்துத் தருகிறேன், 150 கொடுங்கள் போதும் என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் என் வண்டி நம்பரை எழுதிக்கொண்டான்.