பாளையங்கோட்டை வீட்டு மெஸ்ல உளுந்தஞ்சோறு

பாளை மார்க்கெட் பக்கத்து சந்துல ஒரு அக்கா வீட்டு முன்கட்டுலயே மெஸ் நடத்துதாவ, போர்டு கூட கிடையாது, மத்தியானம் மட்டுந்தான். உளுந்தஞ்சோறுக்காகவே போலாம். தொலி உளுந்த வாசம் வர வறுத்து, அரிசி, முழுப்பூண்டு, வெந்தயம், தேங்காப்பூ எல்லாம் சேத்து பொங்கி, கூட எள்ளுத் தொவையலு, மேல நல்லெண்ணெய். பிள்ளைக வயசுக்கு வந்தா இடுப்புக்கு பலம்னு எங்க ஆச்சி இதத்தான் பொங்குவா, பயலுவ நாங்க அடுக்களைல நின்னுக்கிட்டு அடிப்பிடிச்ச காந்தலுக்கு சண்ட போடுவோம். இங்கயும் கேட்டா காந்தல் தனியா வைக்காவ, வேற எந்த ஓட்டல்ல தருவான் சொல்லுங்க!

சொதி மட்டும் சுமார்தான். தேங்காப்பால் மூணு தடவ எடுத்து, மூணாம் பால்ல காய வேகவிட்டு, தலப்பால கடைசில ஊத்தி கொதிக்கவிடாம இறக்கணும், இவுக கொதிக்க விட்டுட்டாவ போல, லேசா திரிஞ்சி இருந்துச்சு, ஏதோ இஞ்சித் தொவையல் இருந்ததால தப்பிச்சுது. மறுவீட்டு விருந்து சொதிய நெனச்சு போயிராதீய.

ஒன்றரைக்கு மேல போனா உளுந்தஞ்சோறு தீந்துரும். ஜிபே உண்டு. பார்சலுக்கு தூக்குவாளி கொண்டு போனீயன்னா ஒரு கரண்டி கூடவே விழும்.