துப்பறிகிறோம் என்று சொல்லி 48,000 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

நேற்று இரவு முழுவதும் தூங்கவில்லை. கணவன்மேல் சந்தேகம் வந்து தனியார் துப்பறியும் நிறுவனத்தைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பெயரைச் சொல்லவில்லை. நாகர்கோவிலில் ஒரு மாடி அறை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி. அவ்வளவுதான் அந்த நிறுவனம்.

என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறார். ஏழரைக்கு வீடு வருகிறவர் ஆறு மாதமாகப் பத்து மணிக்கு வந்தார். குளிக்கப் போனாலும் கைப்பேசி கூடவே போனது. கேட்டால் ரயில் தாமதம் என்பார். பதினோரு வருடம் கூட இருந்தவளுக்கு அது தெரியாதா?

அந்த அறையில் இருந்தவர் ஐம்பது வயது அம்மா. முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கட்டன் சாயா வாங்கிவரச் சொன்னார். நான் அழுதபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, நானும் இதை அனுபவித்தவள்தான்" என்றார். என் அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். கணவரின் எண், அலுவலக முகவரி, புகைப்படம், எல்லாவற்றையும் நானே எழுதிக் கொடுத்தேன். அவருடைய அழைப்புப் பட்டியலை எடுத்துத் தருகிறோம், அதை வைத்து ஆளை ஜெயிலுக்கே அனுப்பலாம் என்றார். இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து முதலில் 15,000, பிறகு 18,000, கடைசியாக 15,000. மொத்தம் 48,000 ரூபாய். ரசீது முதல் பதினைந்துக்கு மட்டும். அதிலும் 'ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதியிருந்தது, முகவரி இல்லை.

இரண்டு மாதம் கழித்து வந்தது ஒரே ஒரு புகைப்படம். மழையில் ஸ்கூட்டரில் போகும் ஒருவர், தலைக்கவசம், பின்னால் ஒரு பெண். எங்கள் ஸ்கூட்டரின் வலப்பக்கக் கண்ணாடி உடைந்து ஒரு வருடமாகிறது, மாற்றச் சொல்லி என் வாய்தான் வலித்தது. படத்தில் இரண்டு கண்ணாடியும் பளபளவென்று இருந்தன.

கேட்டால், சார் வெளியூர் போயிருக்கிறார். அடுத்த வாரம், சாருக்குக் காய்ச்சல். அதற்கடுத்து, "பொறுமை இல்லாததால்தான் உங்கள் வீட்டில் இந்த நிலைமை" என்றார் அதே அம்மா! பிறகு என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுப்பதே இல்லை.

நேற்று மாலை என் கணவர் சீக்கிரம் வந்தார். அவர்கள் அவருக்கே போன் செய்திருக்கிறார்கள். உங்கள் மனைவி உங்களை வேவு பார்க்கச் சொன்னார், 30,000 கொடுத்தால் விவரம் தருகிறோம் என்று. அவர் கொடுக்கவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, ஆமாம், ஒரு பெண் இருந்தாள், முடிந்துவிட்டது என்று அவராகவே சொல்லிவிட்டார். 48,000 ரூபாய் கொடுத்து நான் தேடியது ஓசியில் கிடைத்தது. ஆனால் அடுத்த வாக்கியமே, "நீ மட்டும் என்னிடம் மறைக்கவில்லையா?" துரோகம் செய்தவர் என்னிடம் நியாயம் கேட்கிறார். அந்த அம்மா என்னிடமிருந்து எடுத்ததில் பணம் சின்னது.

காலையில் தெரிந்த வக்கீலிடம் பேசினேன். அவர் சொன்னதில் நினைவிருப்பதை எழுதுகிறேன். கள்ளத்தொடர்புக்கு ஜெயில் கிடையாது. அதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே நீக்கிவிட்டது. அதற்கு முன்னாலும் மனைவி அந்தப் பிரிவில் கணவன்மேல் வழக்குப் போட முடியாது. விவாகரத்துக்கு மட்டும் அது இன்றும் காரணமாகும். அழைப்புப் பட்டியலைத் தனியார் யாரும் சட்டப்படி எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930ஐக் கூப்பிட வேண்டும். நான் முழுவதும் ரொக்கமாகக் கொடுத்த புத்திசாலி.

சங்கிலியைத் தானே மீட்டுத் தருவதாக என் கணவர் சொல்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். திங்கட்கிழமை வட்டி கட்ட வேண்டும்.