அக்யூமுலேட், அக்ரூ: எதை எங்கே எழுதுவது?

இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் (accumulate, accrue) அகராதியில் ‘சேர்தல்’ என்று போட்டிருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் கணக்கே மாறிவிடும்.

அக்யூமுலேட்டின் வேர் லத்தீனில் ‘குவியல்’. பஞ்சுக் குவியல் போலிருக்கும் குமுலஸ் மேகத்துக்குப் பெயர் தந்ததும் அதுதான். மின்விசிறி இறக்கையில் தூசி படிவது, மேசையில் கோப்புகள் குவிவது எல்லாம் இது. ஒருவர் சொத்தைச் சேர்த்தார் என்பதற்கும் இதுவே.

அக்ரூவின் வேர் ‘வளர்தல்’. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. இருப்பதிலிருந்தே, உரிமையாக ஏறுகிறது. நம் ஊரில் “வட்டி ஏறுது” என்கிறோமே, அச்சு அசல் அதேதான். ஒரு லட்சத்தை 7% வட்டிக்கு வைப்பில் போட்டால் நாளொன்றுக்குச் சுமார் 19 ரூபாய் ஏறும். ஆறு மாதத்தில் ஏறத்தாழ 3,500. கைக்கு வராவிட்டாலும் அது உங்களுடையது. வங்கிச் சீட்டில் ‘அக்ரூட் இன்ட்ரஸ்ட்’ என்று வருவது இந்தத் தொகைதான். இதைத் ‘திரண்ட வட்டி’ என்பதைவிட ‘ஏறிய வட்டி’ என்றால் எல்லோருக்கும் சட்டெனப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

எடுக்காத விடுப்பு? மாதாமாதம் உரிமையாக ஏறும்போது அக்ரூ. எடுக்காமல் விட்டு, நாற்பது நாள் விடுப்பாய்க் குவிந்து கிடந்தால் அக்யூமுலேட்.