கோத்தகிரி மூடுபனியில் பத்தாயிரம் ரூபாய் மைக்குகள்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய மைக் வாங்க நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, சமவெளி நகரத்தில் நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர் உள்ள அறையில் அமர்ந்திருப்பவரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கோத்தகிரியில், தேயிலைச் சரிவை ஒட்டிய தகரக் கூரை வீட்டில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மாணவர்களின் பாட்டையும் என் மகளின் வயலினையும் பதிவு செய்துவரும் எனக்கு அவற்றில் பாதிதான் பயன்பட்டது. மீதியை நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் வாங்கியது, இணையக் கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்த ஒரு கண்டென்சர் மைக். ஸ்டாண்டு, வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், கேபிள் எல்லாம் சேர்த்தே அந்த விலை. பெயர் வேண்டாம், ஒரே உருவத்தைப் பல பெயர்களில் விற்கிறார்கள். மார்ச்சில் வந்த அந்த மைக் கோடை முழுவதும் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தது. வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் வந்து சேரும் அக்டோபரில், சன்னலைச் சாத்தியிருந்தும் மூடுபனி உள்ளே நுழைந்துவிட்ட ஒரு மாலையில், பதிவு முழுவதும் சோளம் பொரிவதுபோல் சடசடப்பு. கேபிளை மாற்றினேன், மடிக்கணினியைச் சந்தேகித்தேன், இன்வெர்ட்டரைக்கூட அணைத்துப் பார்த்தேன். கடைசியில் மைக்கை சிலிகா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் இரண்டு நாள் அடைத்து வைத்து எடுத்தபோது சடசடப்பு நின்றிருந்தது. அடுத்த மழையில் அது திரும்பி வந்தது.

இதற்குக் காரணம் கண்டென்சர் மைக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. மிக மெல்லிய சவ்வும், அதற்கு மிக அருகில் ஓர் உலோகத் தகடும், இரண்டுக்கும் இடையே மின்னேற்றமும் இருக்க, சவ்வு அதிரும்போது ஏற்படும் சிறு மாற்றமே ஒலியாக வெளிவருகிறது. அந்த மின்னேற்றம் கசியாமல் இருக்க, உள்ளே இருக்கும் மின்காப்பு மிக உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும். ஈரம் படிந்தால் மின்னேற்றம் விட்டு விட்டுக் கசியும். நமக்குக் கேட்கும் சடசடப்பு அதுதான். டைனமிக் மைக்கில் இந்தத் தொல்லை இல்லை. சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப் புலத்தில் அசைந்து தானே மின்சாரம் உண்டாக்குவதால், கண்டென்சருக்குக் கேபிள் வழியே தர வேண்டிய, ஃபேண்டம் பவர் எனப்படும் 48 வோல்ட் மின்சாரமும் அதற்குத் தேவையில்லை. மலையில் இருப்பவர் முதல் மைக்காக டைனமிக்கையே வாங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது முதல் காரணம்.

அப்படி நான் வாங்கியது ஷூர் எஸ்எம்58. மேடைக் கச்சேரிகளில் எல்லோரும் பார்த்துப் பழகிய அதே பந்துத் தலை மைக்தான். 1966இல் வெளிவந்த இதன் பெயரிலுள்ள எஸ்எம் என்ற எழுத்துகள் ஸ்டுடியோ மைக்ரோஃபோன் என்பதைக் குறிக்கின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஸ்டுடியோவுக்காகப் பிறந்து மேடைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மைக் இது. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை எடுக்கும். கண்டென்சர்களைப் போல 20,000 வரை போகாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. குரலின் உடல் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அதற்கு மேலே என் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பூச்சிகளின் ரீங்காரம்.

டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை எடுக்காது என்று கடைக்காரர்கள் சொல்வதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். எந்தத் திசை ஒலியை எவ்வளவு எடுக்கும் என்பதில் ஒன்றுபோலுள்ள ஒரு டைனமிக்கையும் ஒரு கண்டென்சரையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரலை ஒரே அளவுக்கு உயர்த்தினால், பக்கத்துத் தோட்டத்து மருந்தடிக்கும் இயந்திரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கேட்கும். வேறுபாடு தூரத்தில் இருக்கிறது. எஸ்எம்58ஐ வாயருகே நான்கு விரற்கடையில் வைத்துப் பாடலாம்; அதன் வலைக்குள்ளேயே காற்றை அடக்கும் நுரை இருக்கிறது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் உயரும். அறையின் எதிரொலியும் வெளிச் சத்தமும் இருந்த இடத்திலேயே நிற்கும். அதாவது நெருங்கிப் பாடுவதே அமைதியைத் தருகிறது, அப்படி நெருங்குவதற்கு இந்த மைக் இடம் கொடுக்கிறது. நெருங்கும்போது கீழ் ஸ்தாயி கனத்துக் கேட்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கனத்த ஆண்குரலுக்கு இன்னும் இரண்டு விரல் தள்ளி நிற்பது நல்லது.

நம் பாட்டுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. கமகம் போடும்போது தலையாட்டாமல் பாடுகிற மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. இவ்வளவு நெருக்கத்தில் தலை சற்றே விலகினாலும் குரல் தேய்ந்துவிடும். மறுபுறம், தொடையில் தட்டும் தாளம் கண்டென்சரில் மிருதங்கத்துக்குப் போட்டியாக விழுகிறது. எஸ்எம்58இல் பெரும்பாலும் விழுவதில்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்வதுதான். தம்புராவை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுக்கொண்டு பாடி, பிறகு தனித் தடமாகச் சேர்த்துக்கொள்வது எந்த மைக்குக்கும் பொருந்தும்.

இந்த மைக்கை வாங்குபவர் கணக்கில் கொள்ள வேண்டிய செலவு, மைக்கின் ஒலியைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ். எஸ்எம்58 தரும் மின்னழுத்தம் ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட், நான் அடுத்துச் சொல்லப்போகும் ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 அதே ஒலிக்கு 14.1 மில்லிவோல்ட், அதாவது ஏழு மடங்குக்கும் மேல், தருகிறது. ஆகவே டைனமிக்குக்கு இன்டர்ஃபேஸ் அதிகம் பெருக்க வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவின் மூன்றாம் தலைமுறை 56 டெசிபல் வரை பெருக்கும். நெருங்கிப் பாடும் திறந்த குரலுக்கு அது போதும், மெல்லிய குரலுக்கு அதன் குமிழைக் கடைசிவரை திருப்ப வேண்டிவரும். அதே நிறுவனத்தின் நான்காம் தலைமுறை 2ஐ2 கருவி 69 டெசிபல் வரை போகிறது. பணத்தை எங்கே கூடுதலாகப் போடுவது என்று கேட்டால், மைக்கைவிட இங்கே போடுங்கள் என்பேன்.

எஸ்எம்58இல் போலிகள் மிக அதிகம். என் மாணவர் ஒருவர் நம்ப முடியாத விலைக்கு இணையத்தில் ஒன்று வாங்கி வந்தார். பெட்டி, பை, எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அசல் மைக்கின் எடை 298 கிராம். தெருமுனை மளிகைக் கடையின் மின்தராசில் வைத்தபோது அவருடையது அதற்கு எவ்வளவோ குறைவு. கடைக்காரர் மைக்கையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய கடையில் வாங்க முடியுமானால், மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குப் போகும் பேருந்துச் செலவு வீணில்லை.

ஏடி2020இன் கதை வேறு. இதுவும் நான் வாங்கியபோது பத்தாயிரத்தை ஒட்டிய விலைதான். குரலுக்கு மழைக்காலத்தில் இதை நான் எடுப்பதில்லை என்றாலும், வயலினுக்கு எஸ்எம்58 இதன் அருகில் நிற்க முடியாது. தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் நம் முறையில், கருவிக்கு மேலே முக்கால் முழ உயரத்தில், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் வில் ஓடும் இடத்துக்கும் நேராக இதை வைத்தால், வில்லின் ரோமம் தந்தியைப் பிடிக்கும் அந்தச் சிறு உராய்வுகூடக் கிடைக்கிறது. இசைக்கருவியை வாயைப் போல நெருங்க முடியாது. நெருங்கினால் ஏதோ ஒரு மூலையின் ஒலி மட்டுமே பதிவாகும். தூரத்தில் வைத்து எடுக்க வேண்டிய வீணைக்கும் இதே நியாயம்தான். ஆனால் அவ்வளவு தூரத்தில் அறையும் சேர்ந்தே பதிவாகும் என்பதால், மலை வீடுகளில் குறைவில்லாத கம்பளிகளை எதிர்ச் சுவரிலும் அலமாரிக் கதவிலும் தொங்கவிட்டேன். கூரையில் மழை இறங்கும் நேரத்தில் எந்த மைக்கும் எந்தக் கம்பளியும் உதவாது, தேநீர் போடலாம்.

இரவில் மட்டும் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஏடி2020இன் சொந்த இரைச்சல், அதாவது மைக்கே உண்டாக்கும் இரைச்சல், 20 டெசிபல் என்று அதன் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. நகரத்தில் போக்குவரத்து இரைச்சலுக்குள் அது மறைந்துவிடும். இங்கே பத்து மணிக்கு மேல் அறை அவ்வளவு அமைதியாகிவிடுவதால், வீணையின் கார்வை தேய்ந்து முடியும் இடத்தில் மைக்கின் மெல்லிய 'உஸ்' முன்னால் வந்து நிற்க வாய்ப்புண்டு. மென்மையான கருவியை மட்டுமே பதிவு செய்பவர் சற்றுக் கூடுதலாகச் செலவழித்து, 5 டெசிபல் இரைச்சலே உள்ள ரோடு என்டி1-ஏ பக்கம் பார்ப்பது நியாயம்.

கண்டென்சர் வாங்குபவர் அதனோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் வாங்கியே ஆக வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். அவற்றை மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம். கணப்பு மூட்டிய அறைக்குள் குளிர்ந்த மைக்கைக் கொண்டுவந்து உடனே பாடத் தொடங்கினால் மூக்குக்கண்ணாடியில் படிவதுபோல் அதிலும் நீர் படியும். டப்பாவோடு அறையில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறக்கிறேன்.

இவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு இரண்டு வழிகள். பெரிங்கர் எக்ஸ்எம்8500, எஸ்எம்58இன் விலையில் ஏறத்தாழ கால் பங்குக்குக் கிடைக்கும் டைனமிக். பாட்டுப் பயிற்சிப் பதிவுக்குத் தாராளமாகப் போதும். இன்டர்ஃபேஸே வேண்டாம் என்றால், சாம்சன் க்யூ2யூ நேரே கணினியின் யுஎஸ்பியிலும் பிற்பாடு இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதற்கான எக்ஸ்எல்ஆர் கேபிளிலும் இணைகிறது. டைனமிக் என்பதால் மூடுபனிக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

என் வீட்டில் இப்போதைய ஏற்பாடு இதுதான்: எஸ்எம்58 ஆண்டு முழுவதும் ஸ்டாண்டிலேயே நிற்கிறது. ஏடி2020 அக்டோபரில் டப்பாவுக்குள் போய், பொங்கல் கழிந்து வெயில் காய ஆரம்பித்ததும் வெளியே வருகிறது. மகளின் வயலின் பதிவுகள் அதுவரை காத்திருக்கின்றன.