ரேடான் விழிப்புணர்வு: விளம்பரமா, இலவச கிட்டா, நூலகக் கருவியா, சட்டமா?

1984 டிசம்பரில், பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சுச் சோதனை வாசலைக் கடந்தாலே அலாரம் அடித்தது. அந்த நிலையம் அப்போது மின்சாரம் தயாரிக்கவே தொடங்கவில்லை. வேலை முடிந்து வெளியேறும்போது அடித்தால் கூட ஏதோ ஒட்டிக்கொண்டது என்று நினைக்கலாம், காலையில் உள்ளே வரும்போதே அடித்தது. கடைசியில் அவருடைய வீட்டை அளந்து பார்த்தார்கள். ரேடான் என்ற கதிரியக்க வாயு ஒரு லிட்டர் காற்றில் சுமார் 2,700 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தது. அமெரிக்காவில் இன்று 4 பிகோகியூரியைத் தொட்டாலே வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறார்கள்.

யுரேனியம் எல்லா மண்ணிலும் பாறையிலும் கொஞ்சமாவது இருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது, ரேடியம் சிதையும்போது ரேடான் வாயு பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை. திறந்தவெளியில் காற்றோடு கலந்து போய்விடும். நம் ஊரைப் போல நாளெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும், நிலத்தடி அறை இல்லாத வீட்டில் அது சுலபத்தில் தேங்காது. குளிர்நாட்டு வீடு அப்படியல்ல. பனிக்காலத்தில் எல்லாம் மூடியிருக்கும். உள்ளே சூடான காற்று மேலேறி வெளியேற, அந்த இடத்தை நிரப்ப வீடு அடித்தள விரிசல்கள் வழியாக மண்ணிலுள்ள காற்றை உறிஞ்சுகிறது. அந்தப் பேஸ்மென்டில்தான் இங்கே கனடாவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அம்மா அப்பாவுக்கு அறை போட்டிருக்கின்றன, அல்லது புதிதாக வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கின்றன.

ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோய் அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 21,000 பேரையும் கனடாவில் சுமார் 3,200 பேரையும் கொல்கிறது என்று அந்தந்த அரசுகளே மதிப்பிடுகின்றன. புகைப்பிடிக்காதவர்களுக்கு அந்த நோய் வரப் பெரிய காரணம் இதுதான். இவ்வளவு தெரிந்தும் பக்கத்து வீட்டுக்காரரைச் சோதிக்க வைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? நாற்பது ஆண்டுகளாகப் பல வழிகளில் முயன்றிருக்கிறார்கள். எது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்போம்.

முதலில் விளம்பரம். எண்ணிக்கையைச் சொல்லிப் பயமுறுத்தினால் மக்கள் ஓடிவந்து சோதிப்பார்கள் என்ற நம்பிக்கை. 1986-இல் நியூஜெர்சியில் நடந்ததைப் பாருங்கள். மான்ட்கிளேர் போன்ற ஊர்களில் பழைய ரேடியத் தொழிற்சாலைக் கழிவு கலந்த மண்ணைத் தோண்டி வெர்னன் என்ற ஊரில் கொண்டுபோய்க் கொட்ட அரசு திட்டமிட்டது. வெர்னன் கொந்தளித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதே வட்டாரத்து வீடுகளில் இயற்கையாகவே ரேடான் கசிகிறது, அதைச் சோதிக்கச் சொன்னால் பெரும்பாலானோர் அசையவில்லை. ஆபத்தை மக்களிடம் எப்படிச் சொல்வது என்று ஆராயும் அறிஞர் பீட்டர் சாண்ட்மன் இந்த முரணை வைத்துத்தான் தன் வாதத்தை விளக்கினார்: மக்களை அசைப்பது ஆபத்தின் அளவு மட்டுமல்ல, அதன் மீதான கோபமும் சேர்ந்துதான். யாரோ கொண்டுவந்து கொட்டினால் கோபம் வருகிறது. நம் வீட்டுக்கு அடியிலிருக்கும் மண்ணே வாயுவை விட்டால் யார் மேல் கோபப்படுவது? எவ்வளவு பயங்கரமான விளம்பரம் போட்டாலும் இந்த இடத்தில்தான் அது முட்டி நிற்கிறது என்று நினைக்கிறேன்.

விளம்பரத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளில் உளவியலாளர் நீல் வைன்ஸ்டைனும் சாண்ட்மனும் வேறு சிலரும் ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் செய்த ஆய்வில், இன்னும் முடிவெடுக்காதவர்களை 'சோதிக்க வேண்டும்' என்ற எண்ணத்துக்குக் கொண்டுவர ஆபத்தை விளக்கும் வீடியோ உதவியது. ஆனால் ஏற்கெனவே 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இருந்தவர்களுக்கு அதே வீடியோவால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கிட் (வீட்டில் வைத்திருந்து பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பும் சோதனைப் பெட்டி) வாங்கும் படிவத்தைக் கையில் கொடுத்தபோதுதான் அவர்கள் சில மடங்கு அதிகமாக வாங்கினார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் ரேடானைப் பற்றிக் கேள்விப்பட்ட எல்லோருமே இந்த இரண்டாம் வகைதான். அவர்களிடம் மறுபடி மறுபடி புள்ளிவிவரம் சொல்வது வீண்.

அப்படியானால் கிட்டையே கொடுத்துவிடலாமே? இதற்கும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1988-ஐ ஒட்டிய குளிர்காலத்தில் வாஷிங்டன் நகரப் பகுதியில் ஒரு தொலைக்காட்சி நிலையமும் ஒரு பல்பொருள் அங்காடியும் சேர்ந்து மலிவு விலையில் கிட் விற்றன. ஒரு லட்சத்துக்கும் மேல் போயின. எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் கிட்டத்தட்ட பாதி கிட்கள் ஆய்வகத்துக்குத் திரும்பவே இல்லை. திரும்பியவற்றில் அதிக அளவு காட்டிய வீடுகளில் சரிசெய்தவர்கள் விரல்விட்டு எண்ணும் விகிதம்தான். கிட் எத்தனை போயிற்று என்று எண்ணுவதை வைத்து வெற்றியைச் சொல்லக்கூடாது, எத்தனை வீட்டில் ரேடானை வெளியேற்றும் குழாய் போட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

கனடாவில் 'டேக் ஆக்‌ஷன் ஆன் ரேடான்' அமைப்பு நடத்தும் '100 கிட்' திட்டம் இதிலிருந்து கொஞ்சம் கற்றிருக்கிறது. ஒரு ஊருக்கு 100 கிட்தான், சின்ன எண்ணிக்கை. ஆனால் முடிவுகளைத் திரட்டி 'உங்கள் ஊரில் இத்தனை வீட்டில் அதிகம்' என்று அந்த ஊருக்கே சொல்கிறார்கள். தேசிய எண்ணை விட இது நெஞ்சில் தைக்கும். கிட்டும் மூன்று மாதம் வைக்கிற வகை. கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா கேட்பதும் குளிர்காலத்தில் குறைந்தது 91 நாள் அளவீடுதான். இரண்டு மூன்று நாள் வைக்கும் கரித்தூள் கிட் அவசரத்துக்கு உதவும், ஆனால் ரேடான் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குவது.

வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பகுதியில் ஆபத்து அதிகம் என்று நிறம் தீட்டிக் காட்டுவது அரசுக்கு உதவும், குடும்பத்துக்கு ஏமாற்று ஆறுதல் தரும். அடுத்தடுத்த வீடுகளிலேயே அளவு பல மடங்கு மாறும்.

நூலகத்திலிருந்து ரேடான் அளக்கும் டிஜிட்டல் கருவியைப் புத்தகம்போல இரவல் எடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. கனடாவிலும் அயர்லாந்திலும் பல நூலகங்களில் இது உண்டு. திரையில் எண் தெரிகிறது, அதுதான் இதன் பலம். ஆய்வகக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பார்கள், விருந்துக்கு வந்தவர் 'இது என்ன பெட்டி?' என்று கேட்பார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு முகம் கிடைக்கிறது. குறை என்னவென்றால், இரவல் சில வாரங்கள்தான். ஜூலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குறைவான எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. எண் எதுவானாலும் அடுத்த குளிரில் நீண்டகால கிட் வைத்தே ஆக வேண்டும், கருவியைக் கொடுக்கும்போதே இதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சட்டம். அமெரிக்க மாநிலங்களான இலினாய் 2008-இலிருந்தும் மினசோட்டா 2014-இலிருந்தும் வீடு விற்பவர் ரேடான் பற்றித் தெரிந்ததை வாங்குபவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கின்றன. சோதிக்கச் சொல்லிக் கட்டாயம் இல்லை, சொல்வது மட்டும்தான் கட்டாயம். அதுவே போதுமானதாக இருப்பதற்குக் காரணம் நேரம். வீடு கைமாறும்போது பணம் ஏற்கெனவே மேசையில் இருக்கிறது, பேரம் நடக்கிறது, தரைக்கடியிலிருந்து வாயுவை இழுத்து வெளியே விடும் குழாயும் மின்விசிறியும் போடும் சில ஆயிரம் டாலர் அந்தக் கணக்கில் சின்னத் தொகை. மற்ற நேரத்தில் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிற வேலை அங்கே சில வாரத்தில் முடிகிறது.

என்னைக் கேட்டால், குழாய் வரை கொண்டுபோவதில் சட்டம்தான் முன்னே நிற்கிறது. அதற்கு அடுத்து நூலகக் கருவியும் நீண்டகால கிட்டும் சேர்ந்த ஜோடி. தனியாக விளம்பரம் கடைசி. ஆனால் விற்பனைக்கான இந்த விதி வீடு விற்கிறவர்களை மட்டுமே தொடும். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருப்பவரைத் தொடாது, பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவரையும் தொடாது. வாடகைக்காரர் அளந்து பார்க்கலாம், தரையைத் துளையிட முடியாது.

அதனால் கோயிலோ ஊர்ச்சங்கமோ இதைக் கையிலெடுத்தால் நான் கேட்பது இதுதான். பெரிய கூட்டம் வேண்டாம். நவம்பரில் ஐம்பது கிட் வாங்குங்கள், பாதியை வாடகைக்குப் பேஸ்மென்ட் விட்டிருப்பவர்களுக்கே கொடுங்கள். வாங்கியவர் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிப்ரவரி கடைசியில் ஒருவர் உட்கார்ந்து ஐம்பது பேருக்கும் போன் போட்டு, 'அண்ணா, கிட்டைத் தபாலில் போட்டாச்சா?' என்று கேட்கட்டும். ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரலுக்கு (கனடாவில் ரேடானை அளக்கும் அலகு; இதைத் தாண்டினால் சரிசெய்யச் சொல்கிறார்கள்) மேல் வந்த வீடுகளுக்குச் சான்று பெற்ற பழுதுபார்ப்பவரின் எண்ணை அதே போனில் கொடுங்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து, அந்த வீடுகளுக்கு மட்டும் இன்னொரு முறை.